வெந்நீர் விடுதியில் மாமி

கல்முனைக்குடியில் ஒரு கல்யாணம் முற்றாகிவிட்டால், மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் ஜெமீலாவைப் பார்த்துவிட்டு வருவார்கள். மண்டபம் இல்லாவிட்டால் பந்தல் போட்டுக்கொள்ளலாம், ஜெமீலா இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாய்ச் சாப்பிடுகிற சகன் சோறு அவள் கைபட்டு இறங்கினால்தான் சபை வயிறும் மனமும் நிறைந்து எழும்பும் என்பது ஊரில் எல்லாரும் ஒத்துக்கொண்ட சங்கதி. பெரிய சோற்றுக் கிடாரத்து மூடியைத் திறக்காமலே, விளிம்பால் வரும் ஆவியின் வாசத்தை வைத்து, "ஒரு கொதி கிடக்கு, பொறுங்க" என்பாள். உதவிக்கு நிற்கும் பெண்கள் வாய் பேசாமல் பொறுப்பார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது தோள் பூட்டிக்கொண்டது. எண்ணெய் போட்டார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் ஊசியும் போட்டார்கள். கொஞ்சம் இளகும், பிறகு பழையபடி இறுகும். தொழுகைக்குத் தக்பீர் சொல்லிக் கை உயர்த்தும்போது இடது கை தோளுக்குப் போய்விடும். வலது கை நெஞ்சோடு நின்றுவிடும். அல்லாஹ் அறிவான் என்று மற்றதை அவனிடம் விட்டுவிடுவாள்.

அந்தத் தோளோடுதான் அவள் ஜப்பானுக்கு வந்தாள். மகள் நஜ்லாவுக்கு அங்கே முதல் பிள்ளை பிறந்திருந்தது. பெண் பிள்ளை, ஆகிலா என்று பெயர். பிள்ளை பெற்ற உடம்பை நாற்பது நாளும் உம்மா பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? ஜெமீலா சரக்குத் தூளும் பெருங்காயமும் நல்லெண்ணெய்ப் போத்தலும் கட்டிக்கொண்டு, புருஷன் பளீலைச் சாய்ந்தமருதில் இருக்கும் தங்கச்சியின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஆயுளில் முதல் தடவையாக விமானம் ஏறினாள்.

மகளோடு ஒரு குறையும் இல்லை. குறை மருமகனோடுதான்.

மருமகன் றிம்சான் ஒலுவில் பையன். வாப்பா துறைமுகத்தில் படகு வைத்திருந்தவர். நஜ்லாவைக் கல்யாணம் முடித்து, வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்து குடியேறியவன். அவர்களுக்கென்று ஜெமீலாவும் பளீலும் பல வருடம் சேர்த்துக் கட்டிய மாடி வீடு அது. வந்து ஒரு வருடம் ஆவதற்குள் ஜப்பானில் பழைய வாகனங்களைக் கழற்றிப் பாகங்களாக அனுப்பும் யார்ட் ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. போனவன் அடுத்த வருடமே நஜ்லாவையும் கூப்பிட்டுக்கொண்டான். வீட்டில் பூட்டு விழுந்தது. "மகள வெச்சிப் பாக்கத்தானே வீடு கட்டின நான், பூட்ட வெச்சிப் பாக்கவா?" என்று ஜெமீலா எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். அன்றிலிருந்து அவனோடு நேராகக் கதைப்பதை விட்டுவிட்டாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. தொலைபேசியில் அவன் "மாமி, சுகமா?" என்றால், "ஓம், சுகம். நஜ்லாக்கிட்டக் குடுங்க" என்பாள். அவ்வளவுதான்.

ஜப்பானுக்கு வந்த பிறகும் அப்படியே நடந்தது. இரண்டு அறை வீடு. ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடக்க முடியாது. ஆனாலும் எல்லாம் மகள் வழியாகத்தான் போகும். அவன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பான், ஜெமீலா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "புள்ள, அவருக்குச் சோறு போடவா எண்டு கேளு" என்பாள். நஜ்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சோறு போடவாம்" என்பாள். "ஓம் எண்டு சொல்லு" என்பான் அவன்.

நாற்பது கழிந்து, பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் நஜ்லா சொன்னாள்: "உம்மா, வாற சனிக்கிழம நாம எல்லாரும் ஒரு எடத்துக்குப் போறம். மலப்பக்கம் சுடுதண்ணி ஊத்து இரிக்கி. அதோட சேந்தாப்போல ஒரு பழைய விடுதி. ஒரு ராவு தங்கிட்டு வாறம். உங்கட தோளுக்கு நல்லதாம்."

"சுடுதண்ணிக்கா ராத்தங்கப் போற?" என்றாள் ஜெமீலா. "மகாஓயாவுல கிணத்தோட கொதிக்குது. வேனுல போய், வாளியால அள்ளிக் குளிச்சிட்டு, கட்டிக்கொண்டு போன சோத்தச் சாப்பிட்டு, அஸருக்கு முதல் வீட்ட வந்திருவம்."

ராத்திரி தொலைபேசியில் பளீலும் அதையேதான் சொன்னார். ஆனால் அவர் வேறொன்றும் சொன்னார். "ஜப்பான்ல அந்தக் குளிப்பு வேற மாதிரி எண்டு கேள்வி. எல்லாரும் ஒண்டாச் சேந்து... ஒண்டும் உடுக்காமலாம்."

ஜெமீலா தொலைபேசியை வைத்துவிட்டு மகளைப் பார்த்த பார்வையில் நஜ்லா இரண்டடி பின்னால் போனாள். "வாப்பா சொன்னது பொய்யில்ல உம்மா. ஆனா உங்களுக்குத் தனியா ஒண்டு இரிக்காம். உள்ளால பூட்டலாமாம்."

"ஆரு சொன்ன?"

நஜ்லா கண்ணால் முன்னறையைக் காட்டினாள். அங்கே றிம்சான் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். ஜெமீலா மேற்கொண்டு கேட்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. மகளுக்கு ஆசை, போய்விட்டு வருவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பங்குனி மாதம். கீழே ஊரில் குளிர் குறைந்திருந்தது. மலை ஏற ஏற, வீதியோரத்தில் அழுக்குப் பிடித்த பனி குவியல் குவியலாகக் கிடந்தது. கறுத்த நெடிய மரங்களுக்கு நடுவில், ஓடிப் பாயும் ஆற்றுக்கு மேலே, மரத்தால் கட்டிய அந்த விடுதி நின்றது. கூரை ஓரத்திலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். அது ஜெமீலாவுக்குப் பிடித்துப்போனது. செருப்போடு வீட்டுக்குள் நடக்கும் ஆட்களை அவளுக்கு எந்த நாட்டிலும் ஆகாது.

உள்ளே ஒரு அம்மா முழந்தாளில் இருந்து, கைகளைத் தரையில் வைத்துக் குனிந்தார். ஜெமீலாவின் வயதுதான் இருக்கும். நரைத்த தலைமுடியை இறுக்கிக் கட்டி, சாம்பல் நிறத்தில் கிமோனோ உடுத்தியிருந்தார். விடுதி அவருடையது. பெயர் தொகிகோ என்று நஜ்லா சொன்னாள்.

"அல்லாஹ்வே, அவ என்னத்துக்குப் புள்ள எனக்கு முன்னால குனியிறா? எழும்பச் சொல்லு."

"அது இவங்கட மரியாத உம்மா. சலாம் சொல்ற மாதிரி."

ஜெமீலாவுக்கு நிற்கவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. பதறிப்போய் அவளும் தரையில் இருந்துவிட்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து தொகிகோ அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டார். ஜெமீலாவும் சிரித்தாள். பிறகு ஒருவரை ஒருவர் பிடித்து எழும்பினார்கள்.

இரண்டு அறை அடுத்தடுத்து. தரையெல்லாம் பாய் விரித்தது. தொகிகோ அம்மா தேநீர் கொண்டுவந்து, குந்தியிருந்து, ஊற்றி, கோப்பையை இரண்டு கையாலும் ஜெமீலாவின் முன்னால் வைத்தார். ஜெமீலா கேத்தலை வாங்கப் போனாள். அவர் தலையை ஆட்டினார். தட்டை எடுத்துக்கொண்டு எழும்பும்போது ஜெமீலாவும் கூட எழும்பினாள். "உம்மா, இரிங்க!" என்று நஜ்லா அதட்டினாள்.

"சும்மா இரிந்தா எனக்குக் கால் நோகுது புள்ள."

பின்னேரத்து அஸர் தொழுகை நேரம் வந்தது. தொழும்போது முகம் திருப்ப வேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்க நினைத்தவள் சுவரைப் பார்த்தாள். மேசை ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டு, தொழும் அளவுக்கு இடம் வெறுமையாய் விடப்பட்டிருந்தது. தரை விளிம்பில், பாயில் படாமல், மரச் சட்டத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கடதாசி அம்பு ஒட்டியிருந்தது. நஜ்லாவின் கைத்தொலைபேசியில் பார்த்தால் கிப்லா அதே பக்கம்தான். இந்த விடுதிக்கு நம் ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள் போல என்று நினைத்துக்கொண்டு ஜெமீலா தக்பீர் கட்டினாள்.

அந்தித் தொழுகையான மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. நஜ்லா உம்மாவைக் குளிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். நீண்ட நடையின் கடைசியில் கனமான மரக் கதவு. உள்ளே உடுப்பு மாற்றும் அறை, அதற்கு அப்பால் ஒரு பக்கம் திறந்த கூடம். கல்லால் கட்டிய தொட்டியில் மரப் பீலியால் வெந்நீர் விழுந்துகொண்டிருந்தது. தீக்குச்சி அணைத்தது போல் ஒரு வாசம். எதிரே ஆளரவமில்லாத காடு. கூடையில் மடித்து வைத்திருந்த ஒரு உடுப்பை நஜ்லா எடுத்துக் காட்டினாள். தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரைக்கும் மறைக்கும் பருத்தி உடுப்பு. தண்ணீருக்குள் இறங்கும்போது உடுக்கவென்றே தைத்தது.

"இத உடுத்துக்கொண்டே எறங்கலாமாம். ஆனா முதல்ல வெளிய இரிந்து நல்லாக் குளிக்கோணும். பொறகுதான் தொட்டி."

"குளிச்ச பொறகு என்னத்துக்குப் புள்ள குளிக்கிற?"

"இது குளிப்பில்ல உம்மா, ஊறுற. கன நேரம் இரியாதீங்க. தல சுத்தும். என்னமும் எண்டா இந்தச் சிவப்புப் பொத்தான அமத்துங்க. நான் புள்ளக்குப் பால் குடுக்கப் போறன்."

ஜெமீலா கதவைப் பூட்டினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பூட்டு உறுதியாக இருந்தது. குளித்து, அந்த உடுப்பை உடுத்து, பிஸ்மி சொல்லிக் காலை வைத்தாள். சுட்டது. எடுத்தாள். மறுபடி வைத்தாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று இறங்கி, கடைசியில் கழுத்தளவு தண்ணீரில் கல்லில் சாய்ந்து இருந்தாள்.

முதலில் ஒன்றும் நினைக்கத் தோன்றவில்லை. அடுப்புப் புகை இல்லை, கிடாரம் இல்லை, "ஜெமீலா ராத்தா, உப்புப் பாருங்க" என்று கூப்பிடும் ஆள் இல்லை. மரங்களுக்கு மேலே வானம் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு கிளையிலிருந்து பனி பொத்தென்று விழுந்தது. தண்ணீரின் சூடு மெல்ல மெல்லத் தோளுக்குள் போய், உள்ளே எங்கேயோ இறுகிக் கிடந்த ஒரு முடிச்சைத் தொட்டது. அவள் தண்ணீருக்குள்ளேயே கையை அசைத்துப் பார்த்தாள். நோவு இருந்தது, ஆனால் பழைய நோவு இல்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். கை தண்ணீருக்கு வெளியே வந்து, ஆவி பறக்க, தோளுக்கு நேராக நின்றது. "சுபஹானல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னாள். இறக்கி, மறுபடி உயர்த்தினாள். பிறகும் உயர்த்தினாள். சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி, மகள் சொன்னது மறந்து, நேரம் மறந்து, அதையே செய்துகொண்டிருந்தாள்.

எழும்பியபோதுதான் பிழையாகிப்போனது. தொட்டியை விட்டு வெளியே காலை வைத்தாள், காடு முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்தது. காது அடைத்தது. எப்படியோ சுவரைப் பிடித்து உடுப்பு மாற்றும் அறைவரைக்கும் வந்து, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

வெளியே சாவி போடும் சத்தம் கேட்டது. தொகிகோ அம்மா உள்ளே வந்தார்.  ஜெமீலாவைச் சரித்துப் படுக்கவைத்து, காலுக்குக் கீழே துவாய்களை மடித்து வைத்து உயர்த்தினார். குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்து நெற்றியிலும் கழுத்திலும் வைத்தார். கண் இருட்டியிருந்த ஜெமீலாவுக்கு அந்தச் சின்ன, உறுதியான கைகள் மட்டும் தெரிந்தன. அவள் கைகளைப் போலவே சூடு பட்டுத் தடித்துப்போன விரல்கள்.

அந்த நேரம் நடையில் காலடிச் சத்தம் ஓடி வந்தது. "மாமி! மாமிக்கு என்ன?" றிம்சானின் குரல்.

கதவு அரைவாசி திறந்துதான் இருந்தது. தொகிகோ அம்மா திரும்பாமலே கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, அவனை நிறுத்தினார். பிறகு கதவை இழுத்துச் சாத்தினார். அலுமாரியிலிருந்து காய்ந்த துவாய் ஒன்றை எடுத்து, ஜெமீலாவின் தலையை மெதுவாகத் தூக்கி, நெற்றியிலிருந்து பிடரிவரைக்கும் சுற்றினார். காதோரம் வெளியே கிடந்த ஈர முடியைக் கூட விரலால் எடுத்து உள்ளே செருகினார். கழுத்தடியில் துவாயை மடித்துச் சொருகி, உடம்புக்கு மேல் கனமான அங்கியைப் போர்த்தி, கால்விரல்வரைக்கும் இழுத்துவிட்டார். எல்லாம் முடிந்ததும், இப்போது திறக்கட்டுமா என்று கேட்பதுபோல ஜெமீலாவின் முகத்தைப் பார்த்தார்.

ஜெமீலாவின் கண் நிறைந்துவிட்டது. முக்காடு எதற்கு என்று இந்த அம்மாவுக்கு ஒருவரும் பாடம் சொல்லியிருக்கமாட்டார்கள். வந்த நேரத்திலிருந்து ஒரு பெண் தன் தலையைத் திறக்கவில்லை என்பதைக் கண்டிருக்கிறார். அது அவளுக்குப் பெரிது என்று விளங்கிக்கொண்டிருக்கிறார். மயங்கிக் கிடக்கிற நேரத்திலும் அவளுக்காக அதை அவர் காத்தார். ஜெமீலா தலையை அசைத்தாள். கதவு திறந்தது.

றிம்சானின் முகம் வெளிறியிருந்தது. தொகிகோ அம்மா கொடுத்த உப்புக் கரைத்த தண்ணீரைக் குடித்து ஜெமீலா எழும்பி உட்கார்ந்தாள். ஆனால் கால் இன்னும் சொல்வழி கேட்கவில்லை. நடையோ நீளம், நடுவில் படிகள் வேறு. அவன் திரும்பி, அவளுக்கு முன்னால் குந்தி, முதுகைக் காட்டினான்.

"முதுகுல ஏறுங்க மாமி."

"வேணா, வேணா. நான் நடந்து வாறன்."

பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்த நஜ்லா அழுகையும் கோபமுமாகச் சத்தம் போட்டாள். "ஏறுங்க உம்மா! இன்னொருக்கா உழுந்து தலய ஒடச்சிக்கொள்ளவா?"

தொகிகோ அம்மா ஒரு பக்கத்தால் பிடித்துத் தூக்கிவிட, ஜெமீலா மருமகனின் முதுகில் ஏறினாள். வெட்கம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்தான். படி வந்ததும், "புடிச்சிக்கொள்ளுங்க மாமி, படி" என்றான்.

"பாரமா மகன்?"

கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவனிடம் நேராகக் கேட்டுவிட்டோம் என்று. அவனும் ஒரு கணம் நின்றான். "இல்ல மாமி. யார்ட்ல எஞ்சினே தூக்கிறன்" என்றான். பின்னால் வந்த நஜ்லா வாய்விட்டுச் சிரித்தாள். அவன் முதுகில் இருந்தபடி ஜெமீலாவும் குலுங்கினாள்.

மஃரிபும் ராத்தொழுகை இஷாவும் முடிந்து சாப்பாடு வந்தது. அதற்குள் ஜெமீலாவின் தலை தெளிந்திருந்தது. தொகிகோ அம்மா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். கைக்குள் அடங்கும் சின்னச் சின்னக் கிண்ணங்கள். உப்புத் தடவி முழுசாகச் சுட்ட ஆற்று மீன், அவித்த கிழங்கு, வெள்ளையாய் நடுங்கும் சோயாக் கட்டியான தோஃபு, மலைக் கீரை, ஆவி பறக்கும் சோறு. ஜெமீலா அரிசியைப் பார்த்தாள். குட்டையான பருத்த மணி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஊரில் இப்படி இறக்கினால் குழைய விட்டுவிட்டாள் என்பார்கள். வாயில் வைத்துப் பார்த்தாள். இனித்தது.

"எல்லாம் சாப்பிடலாமா?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டாள். "சாராயம் கீராயம் ஊத்தியிரிப்பாங்க."

நஜ்லா அதை ஜப்பான் மொழியில் கேட்டாள். தொகிகோ அம்மா முழந்தாளிட்டு நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். நடுநடுவே றிம்சானைக் காட்டினார். அவன் தலையைக் கவிழ்ந்துகொண்டு மீனின் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தான். நஜ்லாவின் முகம் மாறிக்கொண்டே போனது.

"என்னவாம் மகன்?" என்றாள் ஜெமீலா.

"ஒண்டுமில்ல மாமி. சாப்பாட்டப் பத்திக் கதைக்கிறா."

"பொய்," என்றாள் நஜ்லா. "உம்மா, இவர் இதுக்கு முதல் ரெண்டு தரம் இஞ்ச வந்திரிக்கார். எனக்கே தெரியா. வேல எண்டு சொல்லிட்டு வந்திரிக்கார். முதல் தரம் வந்து குளிக்கிற எடத்துக் கதவு உள்ளால பூட்டுப்படுதா எண்டு தானே பூட்டிப் பாத்தாராம். தண்ணிக்குள்ள உடுத்துக்கொண்டு எறங்கலாமா எண்டு கேட்டாராம். வேற எடங்கள்ல ஏலா எண்டிட்டாங்களாம். இவதான் ஓம் எண்டு சொல்லி, அந்த உடுப்பத் தைப்பிச்சிரிக்கா. ரெண்டாந்தரம் வரக்குள்ள புது சட்டி, புது கத்தி, சாராயம் சேராத சோயா எல்லாம் வாங்கிக் குடுத்திட்டுப் போயிரிக்கார். குசினில உங்களுக்கு எண்டு வேறயாத்தான் ஆக்கியிரிக்காங்க. அந்த அம்பும் இவர் ஒட்டினதுதானாம்."

ஜெமீலா கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டாள். தொகிகோ அம்மா இன்னும் ஒன்று சொன்னார். இந்த முறை நஜ்லா புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் திருப்பிச் சொன்னாள். 

"வாறது உங்கட உம்மாவா எண்டு இவ கேட்டாவாம். பொஞ்சாதிட உம்மா எண்டு சொன்னாராம். 'அவ ஒரு ஊருக்கே சோறு போட்ட ஆள். அவக்கு ஒருத்தரும் சோறு வெச்சிக் குடுத்து நான் காணல்ல. ஒரு நாளைக்கு அவ இரிந்து சாப்பிடோணும், அதுக்குத்தான் எடம் தேடுறன்' எண்டு சொன்னாராம்."

 றிம்சான் நிமிரவேயில்லை.

"எங்க மகன் கண்டீங்க?" என்று ஜெமீலா கேட்டாள். 

"எங்கட கலியாணத்தண்டைக்கு மாமி. சகன் எல்லாம் முடிஞ்சி கை கழுவப் பின்னால வந்தன். நீங்க கிடாரத்துக்குப் பக்கத்துல ஒரு பலகையப் போட்டு இரிந்து, அடிச்சோத்தச் சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டு இரிந்தீங்க. தனிய."

"அடிச்சோறு ருசி மகன்," என்றாள் ஜெமீலா. "அதுக்காகத்தான் சுரண்டின நான்."

"எண்டாலும் மாமி. ஆராவது ஒருத்தர் ஒரு தட்டுல போட்டுத் தந்திரிக்கலாம். நான் புது மாப்பிள. எனக்கு வந்து கேக்க வெக்கம். அது அப்பிடியே மனசுக்குள்ள கிடந்திச்சி."

ஜெமீலா அழுதாள். மறைக்கவும் இல்லை. தொகிகோ அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு கைலேஞ்சியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, வெந்நீர் கொண்டுவரப் போவதுபோல் எழும்பிப் போனார். இந்தப் பையன் தன் மகளைக் கொண்டுபோனதை மட்டுமே இத்தனை வருடமும் எண்ணிக்கொண்டிருந்தோம், இவன் என்ன கண்டான், எதை மனதில் வைத்திருந்தான் என்று ஒரு நாளாவது கேட்டோமா என்று நினைத்தாள். பிறகு தன் மீனில் முள் இல்லாத நடுத்துண்டைப் பிரித்து அவன் கிண்ணத்தில் வைத்தாள்.

"சாப்பிடுங்க மகன். ஆறுது."

"நீங்க சாப்பிடுங்க மாமி. உங்களுக்குத்தானே."

"நான் இரிந்துதான் சாப்பிடுறன். பாருங்க," என்று சொல்லிவிட்டு, காலை வசதியாக மடித்து, ஜெமீலா ஒரு கிண்ணமும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். எழும்பித் தட்டுக்கழுவப் போகவும் இல்லை.

படுக்கை விரித்தார்கள். கிப்லாவுக்குக் கால் நீட்டாதபடி விரித்திருந்ததைக் கண்டாள். அது யார் சொல்லிச் செய்தது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வலது பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். விடியற்காலை சுபஹ் வரைக்கும் ஒரே தூக்கம்.

காலையில் தோள் முழுசாகச் சுகப்பட்டிருக்கவில்லை. ஆனால் தக்பீர் கட்டும்போது வலது கை நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் ஏறியது. ஜெமீலா அந்தத் தொழுகையில் நெடுநேரம் கையேந்தி இருந்தாள். மகளுக்கும், பேத்திக்கும், ஊரில் இருக்கிற புருஷனுக்கும், மருமகனுக்கும் கேட்டாள். பிறகு, தன் தலையை மூடிய அந்தக் கைகளுக்கும் கேட்டாள்.

காலைச் சாப்பாட்டோடு தேநீர் வந்தது. தொகிகோ அம்மா ஊற்றிவிட்டு எழும்பப் போனார். ஜெமீலா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தன் பக்கத்தில் கிடந்த மெத்தையைத் தட்டிக் காட்டினாள். அவர் தயங்கினார். விருந்தாளிகளோடு இருக்கும் வழக்கம் இல்லை என்றாராம்.

"எனக்கும் அந்த வழக்கம் இல்ல எண்டு சொல்லு," என்றாள் ஜெமீலா. "நேத்து நான் இரிந்தன். இண்டைக்கு அவ இரிக்கட்டும்."

நஜ்லா சொன்னாள். தொகிகோ அம்மா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்ல உட்கார்ந்தார். ஜெமீலா கேத்தலை இடது கையால் தூக்கி, வலது கையால் மூடியைப் பிடித்து, கோப்பையை நிறைத்து, இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தார்.

"நீங்க எப்பயாவது இப்பிடி வேற விடுதியில போய்த் தங்கியிரிக்கீங்களா எண்டு கேளு."

கேள்வி விளங்கியதும் தொகிகோ அம்மா சிரித்தார். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து ஒரு ராத்திரியும் இல்லையாம். மற்றவர்கள் உறங்கிய பிறகுதான் தான் உறங்குவது, எழும்புவதற்கு முன்னால் தான் எழும்புவது.

"அப்ப கல்முனைக்கு வரச் சொல்லு. மாடி வீடு இரிக்கி. கடல் பக்கம். நான் ஆக்கிக் குடுக்கிறன், அவ இரிந்து சாப்பிடட்டும். வெறும் பேச்சுக்குச் சொல்லல்ல எண்டும் சொல்லு."

தொகிகோ அம்மா கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்தார். இந்த முறை ஜெமீலா பதறவில்லை. கைகளைத் தரையில் வைத்து, அவளும் அதே அளவுக்குக் குனிந்தாள். ஜப்பானுக்கு வந்து கற்றுக்கொண்ட ஒரே ஒரு சொல் அவளிடம் இருந்தது. "அரிகத்தோ" என்றாள். அது போதவில்லை என்று பட்டது. "அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யோணும்" என்று தன் வாயால் தன் மொழியில் சொன்னாள். நஜ்லா அதை மொழிபெயர்க்கவில்லை. தொகிகோ அம்மாவும் கேட்கவில்லை.

கார் புறப்பட்டபோது அவர் வாசலில் நின்று கையசைத்தார். வளைவு வரைக்கும் அசைத்துக்கொண்டே நின்றார். முன் சீட்டில் இருந்த ஜெமீலா உடம்பை முழுசாகத் திருப்பி, கண்ணாடியை இறக்கி, குளிர் காற்று முகத்தில் அடிக்க அடிக்கக் கையசைத்தாள். மரங்கள் மறைத்த பிறகுதான் கண்ணாடியை ஏற்றினாள். பின் சீட்டில் நஜ்லாவும் பிள்ளையும் நித்திரையாகிவிட்டார்கள்.

பாதி மலை இறங்கும்போது பளீல் தொலைபேசி எடுத்தார். என்ன, ஏது, தோள் எப்படி, தண்ணீர் எவ்வளவு சூடு என்று எல்லாம் விசாரித்தார். மயக்கம் போட்ட கதையை ஜெமீலா அவருக்குச் சொல்லவில்லை, ஊருக்குப் போய் நேரில் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். "மருமகன் பக்கத்துல இரிக்காரா? குடு, நானும் ஒரு சலாம் சொல்றன்" என்றார் கடைசியில்.

"பொறகு எடுங்க," என்றாள் ஜெமீலா. "நாங்க ரெண்டு பேரும் கதைச்சிக்கொண்டு போறம்."

 மறுமுனையில் பளீல் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"எங்க விட்டம் மகன்?" என்று ஜெமீலா கேட்டாள்.

"ஒலுவில்ல எங்கட உம்மா சூரை மீன் ஆக்கிற விதம் மாமி," என்றான் றிம்சான். "புளி கடைசியாப் போடுவா எண்டு சொல்லிக்கொண்டு இரிந்தன்."

"கடைசியாவா?" ஜெமீலா இருக்கையில் நிமிர்ந்தாள். "ஏன் மகன், மீன் கரையாதா? சொல்லுங்க, முதல்ல இருந்து சொல்லுங்க."